லினக்ஸில் யூஎஸ்பி கருவி கான்ஃபிகர் ஆகவில்லையா? காரணம் தேடுவதிலிருந்து கர்னலுக்குப் பேட்ச் அனுப்புவது வரை

கருவியைச் செருகினால் விளக்கு எரிகிறது. விண்டோஸில் ஓடுகிறது. லினக்ஸில் மட்டும் பட்டியலிலேயே வருவதில்லை; வந்தாலும் பயன்படுவதில்லை. இப்படிப்பட்ட சிக்கல்களில் தவறு பெரும்பாலும் கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபெர்ம்வேரில்தான் இருக்கும். ஆனாலும் அதைச் சமாளிக்க, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இடம் வைத்திருக்கிறார்கள். பல நேரம் திருத்தம் ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரியைத் தட்ட ஐந்து நிமிடம் போதும். எந்த வரி என்று கண்டுபிடிப்பதிலும், கர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் திருப்பி அனுப்பாதபடி, பேட்ச் (திருத்தக் கோப்பு) வடிவில் அதைக் கொடுப்பதிலும்தான் புதியவர்கள் வாரக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள்.

டெர்மினலில் கட்டளை தட்டத் தெரிந்து, சி நிரலைப் பார்த்தால் ஓரளவு புரியும் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குப் போதும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். வேறு சொல்லாத கட்டளைகளுக்கும் கோப்புப் பெயர்களுக்கும் சிறிய எழுத்துதான்.

## தொடங்குமுன்: என்ன தேவை, எவ்வளவு ஆகும்

மென்பொருளுக்கு ஒரு காசும் இல்லை. உங்களிடம் இல்லாவிட்டால் இரண்டு பொருள் வாங்க வேண்டிவரும்: டேட்டா போகும் நல்ல கேபிள் ஒன்று, தனி அடாப்டரில் ஓடும் யூஎஸ்பி ஹப் ஒன்று. கர்னலைக் கட்ட (நிரலைத் தொகுத்து ஓடும் வடிவாக்க) வட்டில் 30 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி.

அடையாளச் சான்று, ஒப்பந்தப் பத்திரம் எதுவும் கர்னல் பக்கம் கேட்கமாட்டார்கள். உங்கள் பெயரும், தொடர்ந்து பார்க்கிற ஒரு மின்னஞ்சல் முகவரியும் போதும். அலுவலகக் கணினியில், அலுவலக நேரத்தில் செய்கிறீர்கள் என்றால் மட்டும் முதலாளியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். ஏன் என்பது 7ஆம் படியில் வரும்.

நேரக் கணக்கு: காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலை முதல் ஒரு வார இறுதி வரை. கர்னல் கட்டிச் சோதிக்க அரை நாள். பேட்ச் ஏற்கப்படச் சில வாரங்கள். அது உங்கள் டிஸ்ட்ரோவுக்கு (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீட்டுக்கு) வந்துசேர மேலும் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

## 1. முதலில் கர்னலைக் குற்றம் சொல்லாதீர்கள்

கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. மேசைக் கணினி என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டு, மதர்போர்டில் நேராக இருக்கும் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். ஹப் இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஹப் இல்லாமல்தான் சோதித்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், தனி அடாப்டர் உள்ள ஹப்பை இடையில் போட்டுப் பாருங்கள்.

பிறகு வேறொரு கணினியில், அதே டிஸ்ட்ரோவின் லைவ் யூஎஸ்பியில் சோதியுங்கள். இரண்டு கணினியிலும் ஒரே பிழை வந்தால் கருவிக்கும் கர்னலுக்கும் இடையே பிரச்சினை. ஒன்றில் மட்டும் வந்தால் அந்தக் கணினியின் போர்ட், மின்சாரம், ஹோஸ்ட் கன்ட்ரோலர் (கணினிக்குள் யூஎஸ்பியை நடத்தும் சிப்) மூன்றில் ஒன்று. இந்த இரண்டாவது வகைக்குக் கருவியின் பெயரில் பேட்ச் அனுப்பினால் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

## 2. எந்தப் படியில் நிற்கிறது?

மற்ற எல்லாப் படிகளும் இதைப் பொறுத்தவை. பொறுமையாகச் செய்யுங்கள்.

ஒரு டெர்மினலில் 'சூடோ டிமெசேஜ் -டபிள்யூ' ஓடவிடுங்கள். (கர்னல் பதிவைப் பார்க்கும் கட்டளை அது, அதன் எழுத்துகள் டி-எம்-ஈ-எஸ்-ஜி. டெபியன், உபுண்டுவில் சூடோ இல்லாமல் காட்டாது.) கருவியைக் கழற்றி, பத்து விநாடி விட்டுச் செருகுங்கள். வருகிற வரிகளை அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள்.

செருகியதும் நடப்பது இது: போர்ட் ரீசெட் ஆகும், கருவியின் அடிப்படை விவரமான டிவைஸ் டிஸ்கிரிப்டரின் முதல் பைட்டுகள் படிக்கப்படும், கருவிக்கு ஒரு முகவரி தரப்படும், டிவைஸ் டிஸ்கிரிப்டர் முழுவதும், அதாவது 18 பைட், படிக்கப்படும், பிறகு கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரின் முதல் 9 பைட் வரும், மொத்த நீளம் அதில் இருக்கும், அதைப் பார்த்து மீதி படிக்கப்படும், கர்னல் ஒரு கான்ஃபிகரேஷனை (கருவி இயங்கக்கூடிய அமைப்புகளில் ஒன்றை) தேர்ந்து அதை அமைக்கும், கடைசியில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸையும் (கருவியின் ஒவ்வொரு செயல்பாட்டையும்) ஒரு டிரைவர் பிடித்துக்கொள்ளும். உங்கள் கருவி இதில் எங்கே விழுகிறது என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடும்.

டிவைஸ் டிஸ்கிரிப்டரிலேயே விழுந்தால். 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71', 'டிவைஸ் நாட் அக்செப்டிங் அட்ரஸ்', கடைசியில் 'அனேபிள் டு எனுமரேட்' என்று வரும். இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். கருவிகளின் விசித்திரங்களைப் பட்டியலிடும் கர்னலின் குவர்க்ஸ் அட்டவணை, டிவைஸ் டிஸ்கிரிப்டரைப் படித்த பிறகே கருவிக்குப் பொருத்தப்படுகிறது. விற்பனையாளர் எண்ணும் பொருள் எண்ணும் அந்த டிஸ்கிரிப்டருக்குள்தான் இருக்கின்றன. அதுவே வராதபோது கருவி யாரென்றே கர்னலுக்குத் தெரியாது. அட்டவணையில் எந்த வரியைச் சேர்த்தாலும் பலனில்லை. பத்தில் எட்டு முறை கேபிளோ மின்சாரமோதான் காரணம். மீதிக்கு, யூஎஸ்பிகோர் அளவுருக்களில் 'ஓல்டு_ஸ்கீம்_ஃபர்ஸ்ட்' என்பதை 1 ஆக்கிப் பாருங்கள். முகவரியை முதலில் கொடுத்துவிட்டு டிஸ்கிரிப்டரைப் பின்னால் கேட்கும் பழைய முறை அது. எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து மாறிவிடும் என்பதால் சோதனைக்கு மட்டும் வையுங்கள். அது உதவினால், ஹப்பின் போர்ட் அடைவில் உள்ள 'குவர்க்ஸ்' கோப்பில் 1 என்று எழுதி அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் பழைய முறையை வைத்துக்கொள்ளலாம்.

கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரில் விழுந்தால். 'அனேபிள் டு ரீட் கான்ஃபிக் இண்டெக்ஸ் 0 டிஸ்கிரிப்டர்', கூடவே 'கான்ட் ரீட் கான்ஃபிகரேஷன்ஸ்' என்று வரும். ரீசெட் முடிந்து ஃபெர்ம்வேர் நிதானத்துக்கு வருமுன் கர்னல் கேள்வி கேட்டுவிடுகிறது. குவர்க் அட்டவணை உண்மையில் கைகொடுப்பது இந்த வகைக்குத்தான். லாஜிடெக் சி920, சி930ஈ வெப்கேமராக்கள் இந்த வகையில்தான் அட்டவணையில் இடம்பிடித்தன.

டிஸ்கிரிப்டர் வந்தும் உள்ளடக்கம் தவறாக இருந்தால். 'இன்வேலிட் இன்டர்ஃபேஸ் நம்பர்', 'டிஃப்ரன்ட் ஃப்ரம் தி டிஸ்கிரிப்டர்ஸ் வேல்யூ' போன்றவை. இவற்றைப் பார்த்ததும் பதற வேண்டாம். இவை பெரும்பாலும் எச்சரிக்கை மட்டுமே. கர்னலே சமாளித்துக்கொண்டு மேலே போய்விடும். பதிவில் அடுத்து வரும் வரிதான் உண்மையான பிழையாக இருக்கும்.

கான்ஃபிகரேஷனைத் தேர்வதில் நின்றால். 'நோ கான்ஃபிகரேஷன் சோசன்' என்றும், மின்சாரம் போதாததால் நிராகரிக்கப்பட்டது என்றும் வரும். கருவி தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை டிஸ்கிரிப்டரில் சொல்கிறது. யூஎஸ்பி 2-இல் ஓர் அலகு 2 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3-இல் 8. கணினியின் யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், யூஎஸ்பி 3 போர்ட் 900. தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி 2 ஹப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100 மட்டுமே என்று கர்னல் கணக்கு வைக்கிறது. 500 கேட்கும் கருவியை அதில் செருகினால் மறுப்பதுதான் சரியான நடத்தை. அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள், வேலை முடிந்தது. இதில் பேட்ச் எதுவும் இல்லை.

கான்ஃபிகரேஷனை அமைக்கும்போது விழுந்தால். 'கான்ட் செட் கான்ஃபிக் #1, எரர்' என்று வரும். இதில் எண்தான் முக்கியம்:

- -71 என்றால் கம்பியில் போன செய்தி சிதைந்தது.
- -110 என்றால் பதில் வராமல் நேரம் கடந்தது.
- -32 என்றால் கருவியே கோரிக்கையை மறுத்தது.
- -28 என்றால் அலைவரிசை இடம் போதவில்லை. ஒரே ஹப்பில் இரண்டு மூன்று வெப்கேமராக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.
- -12 என்றால் ஹோஸ்ட் கன்ட்ரோலரின் உள்வளம் தீர்ந்தது. வேறு கன்ட்ரோலரின் போர்ட்டுக்குச் சில கருவிகளை மாற்றுங்கள்.

கடைசி இரண்டும் கருவியின் குற்றமே அல்ல.

எல்லாம் சரியாக முடிந்து டிரைவர் மட்டும் ஒட்டவில்லை என்றால் அது இந்தக் கட்டுரையின் விஷயமில்லை. அந்த டிரைவரின் அடையாள எண் பட்டியலில் உங்கள் கருவியைச் சேர்க்க வேண்டும். அனுப்பும் முறை இதேதான், கோப்பு மட்டும் வேறு.

## 3. சான்றுகளைச் சேர்த்து வையுங்கள்

பேட்ச் அனுப்பும் நாளில் இவற்றைத் தேடி ஓடாதபடி இப்போதே ஓர் அடைவில் போடுங்கள்:

- செருகியது முதல் பிழை வரையிலான கர்னல் பதிவு, வெட்டாமல்
- 'எல்எஸ்யூஎஸ்பி -வி -டி' கட்டளையோடு கருவியின் எண்ணைக் கொடுத்தால் வரும் முழு விவரம், சூடோவோடு
- 'எல்எஸ்யூஎஸ்பி -டி' காட்டும் மரம். முந்தையதிலும் இதிலும் தமிழில் ஒரே 'டி'தான். விவரத்துக்கு ஆங்கிலத்தின் 4ஆவது எழுத்து, மரத்துக்கு 20ஆவது எழுத்து.
- 'யூநேம் -ஆர்' தரும் கர்னல் பதிப்பு
- பிசிடி-டிவைஸ் எண், அதாவது கருவியின் ஃபெர்ம்வேர் பதிப்பு

முழு விவரத்தில் ஐ-சீரியல் என்ற வரியில் உங்கள் கருவியின் தொடர் எண் இருக்கும். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் பொதுவெளியில் என்றென்றைக்கும் இருக்கும் என்பதால் அதை அழித்துவிடுங்கள்.

பதிவு தெளிவாக இல்லை என்றால் 'மாட்ப்ரோப் யூஎஸ்பிமான்' போட்டு, வயர்ஷார்க்கில் கருவி இருக்கும் பஸ் எண்ணுக்கான யூஎஸ்பிமான் வழியைப் பிடியுங்கள். கோரிக்கை எண் 6 டிஸ்கிரிப்டர் கேட்பது, 9 கான்ஃபிகரேஷன் அமைப்பது, 11 இன்டர்ஃபேஸ் அமைப்பது. முகவரி தரும் கோரிக்கை, எண் 5, இன்றைய கணினிகளில் கண்ணில் படாது. எக்ஸ்-எச்சிஐ என்ற இன்றைய வகை ஹோஸ்ட் கன்ட்ரோலர் அதைத் தானே அனுப்புகிறது, கர்னல் வழியாகப் போவதில்லை. அது காணவில்லை என்பதையே வழு என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

## 4. கர்னலைக் கட்டாமலே மருந்தைச் சோதியுங்கள்

குவர்க் என்பது கர்னலில் ஏற்றும் ஒரு கொடி (ஃபிளாக்). ஒவ்வொரு குவர்க்குக்கும் ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்து இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலிலேயே அதைப் போட்டுப் பார்க்கலாம். கருவியின் எண் 1234:5678 என்று வைத்துக்கொண்டால்:

எக்கோ -என் 1234:5678:ஜி | சூடோ டீ /சிஸ்/மாட்யூல்/யூஎஸ்பிகோர்/பாராமீட்டர்ஸ்/குவர்க்ஸ்

'சூடோ எக்கோ' என்று போட்டு அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். அம்புக்குறி சூடோவுக்குள் வராது. அதனால்தான் டீ. எழுதியபின் கருவியைக் கழற்றிச் செருகினால்தான் புதிய அமைப்பு எடுபடும்.

அடிக்கடி தேவைப்படுபவை, ஆங்கில எழுத்து வரிசை எண்ணோடு:

- 7ஆவது, ஜி: டிலே_இனிட். டிவைஸ் டிஸ்கிரிப்டரைப் படித்தபின், கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரை முழுவதும் படிக்குமுன் சற்றுக் காத்திருக்கும். கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரில் விழும் பிழைக்கு முதல் மருந்து.
- 14ஆவது, என்: டிலே_கன்ட்ரோல்_மெசேஜ் (கடைசி இரண்டு சொல்லும் சிடிஆர்எல், எம்எஸ்ஜி என்று சுருக்கம்). ஒவ்வொரு கட்டுப்பாட்டுச் செய்திக்குப் பின்னும் 200 மில்லி விநாடி நிற்கும். கோர்செயர் ஸ்ட்ரேஃப் ஆர்ஜிபி விசைப்பலகைக்கு ஜி-யும் இதுவும் சேர்ந்தே தேவைப்பட்டன. தொடக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மெதுவாகும். வேறு வழியில்லாதபோது மட்டும்.
- 1ஆவது, ஏ: ஸ்ட்ரிங்_ஃபெட்ச்_255. பெயர்ச் சரத்தை 255 பைட்டாகக் கேட்டால் திணறும் கருவிகளுக்கு.
- 3ஆவது, சி: நோ_செட்_இன்டர்ஃபேஸ் (கடைசிச் சொல் ஐஎன்டிஎஃப் என்று சுருக்கம்). இன்டர்ஃபேஸ் அமைக்கும் கோரிக்கையைத் தாங்காதவற்றுக்கு.
- 4ஆவது, டி: கான்ஃபிகரேஷன், இன்டர்ஃபேஸ் பெயர்களைக் கேட்டாலே உறைந்துபோகிறவற்றுக்கு.
- 6ஆவது, எஃப்: இன்டர்ஃபேஸ் எண்ணிக்கையில் டிஸ்கிரிப்டர் சொல்வதையே நம்பச் சொல்வது.
- 2ஆவது, பி: ரீசெட்_ரெஸ்யூம். கணினி தூங்கி எழுந்தபின் மட்டும் செத்துக்கிடக்கும் கருவிகளுக்கு.
- 11ஆவது, கே: நோ_எல்பிஎம். யூஎஸ்பி இணைப்பின் மின்சேமிப்பு நிலைகளில் தடுமாறுகிறவற்றுக்கு.

ஒரு நேரத்தில் ஓர் எழுத்து மட்டும். நான்கைச் சேர்த்துப் போட்டு வேலை செய்துவிட்டால், எது காரணம் என்று கேட்கும் முதல் பதில் மின்னஞ்சலுக்கே உங்களிடம் விடை இருக்காது. நேரம் சார்ந்த பிழைகள் வந்து வந்து போகும். ஒரு தடவை ஓடியதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பத்து முறை கழற்றிச் செருகுங்கள், ஐந்து முறை கணினியை முழுவதும் அணைத்துப் போடுங்கள், தூங்க வைத்து எழுப்புங்கள். பிறகு எழுத்தை எடுத்துவிட்டுப் பிழை திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். வரவில்லை என்றால் மருந்து அதுவல்ல.

தொடர்ந்து வைத்துக்கொள்ள, கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் கர்னல் கட்டளை வரியில் 'யூஎஸ்பிகோர்.குவர்க்ஸ்=' என்று சேருங்கள். மாட்ப்ரோப் அடைவில் எழுதினால் உபுண்டு போன்றவற்றில் எடுபடாது; யூஎஸ்பிகோர் அங்கே கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, தனி மாட்யூல் இல்லை.

இன்னொரு பொறி: 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்' என்று ஒன்று தனியாக இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் பெட்டிகளுக்கானது அது. எழுத்துகள் ஒரே மாதிரி இருந்தாலும் பொருள் வேறு. இணையத்தில் எங்கோ பார்த்ததை எடுத்து இங்கே போட்டால் சம்பந்தமில்லாத கொடி ஏறும்.

குவர்க்கால் தீராத ஒரு வகையும் உண்டு. சில கருவிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கான்ஃபிகரேஷன் இருக்கும். கர்னல் தேர்வது உங்களுக்கு வேண்டியதாக இருக்காது. பொதுவான வகுப்பு இன்டர்ஃபேஸ் உள்ளதையே விற்பனையாளரின் தனி இன்டர்ஃபேஸ் உள்ளதைவிட அது விரும்பும். ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் உள்ள ஈதர்நெட் அடாப்டர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: தனக்கென்று நல்ல டிரைவர் இருக்க, பொது ஈதர்நெட் டிரைவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். சிஸ் அடைவில் கருவிக்குள் இருக்கும் 'பி-கான்ஃபிகரேஷன்-வேல்யூ' கோப்பில் (இடையில் கோடு இல்லை; கான்ஃபிகரேஷன், வேல்யூ இரண்டின் முதலெழுத்தும் பெரிய எழுத்து) வேண்டிய எண்ணை எழுதினால் உடனே மாறும். கருவியைச் செருகும்போதெல்லாம் தானே ஓடும் யூடெவ் விதியாக வைத்தால் நிலைக்கும். கர்னலில் இதற்கான நிரந்தரத் தீர்வு குவர்க் அட்டவணையில் வைக்கப்படவில்லை. எதைத் தேர்வது என்று சொல்லும் நிரல் அந்த டிரைவருக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. உங்கள் சிக்கல் இந்த வகை என்றால் பேட்ச் போக வேண்டிய இடமும் அதுதான்.

தானியங்கித் தூக்கத்தால் மட்டும் வரும் சிக்கலுக்கும் யூடெவ் விதியே போதும். 'பவர்/கன்ட்ரோல்' என்பதை 'ஆன்' ஆக்குங்கள். அதற்காகக் கர்னலைத் தொட வேண்டாம்.

## 5. முன்பே யாராவது திருத்திவிட்டார்களா?

கர்னல் நிரலில் 'டிரைவர்ஸ்/யூஎஸ்பி/கோர்/குவர்க்ஸ்.சி' கோப்பைத் திறந்து உங்கள் விற்பனையாளர் எண்ணைத் தேடுங்கள். உங்கள் டிஸ்ட்ரோவின் பழைய நிரலில் தேடிப் பயனில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மரத்திலும் (கிட்டில் வைக்கப்பட்ட முழுக் கர்னல் நிரல்), யூஎஸ்பி பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மனின் மரத்திலும் பாருங்கள். இருந்தால் பெரிய வேலை மிச்சம்: டிஸ்ட்ரோவிடம் அதைக் கொண்டுவரச் சொன்னால் போதும்.

இதே நேரத்தில் இன்னொன்றையும் சோதியுங்கள். மலிவான கருவிகள் பிறருடைய எண்களைத் திருடிக்கொண்டு வரும். புளூடூத் டாங்கிள்களில் 0ஏ12:0001 என்ற எண்ணைப் போட்டுக்கொண்டு எத்தனையோ போலிகள் சுற்றுகின்றன. அப்படிப்பட்ட எண்ணுக்கு நீங்கள் தாமதக் கொடி ஏற்றினால், ஒழுங்காக ஓடும் அசலுக்கும் சேர்த்துத் தாமதம் வரும். உங்கள் கருவியின் பிசிடி-டிவைஸ் எண் அசலிலிருந்து வேறுபடுகிறதா என்று பார்த்து, வேறுபட்டால் அந்த விவரத்தைப் பேட்ச் கடிதத்தில் எழுதுங்கள்.

## 6. கர்னலைக் கட்டிச் சோதியுங்கள்

ஒரே வரிதானே, கட்டாமலே அனுப்பிவிடலாம் என்று தோன்றும். கூடாது. காற்புள்ளி ஒன்று விடுபட்டு, கட்டவே முடியாத பேட்சாக வந்தால் அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்ததும் பராமரிப்பாளர் கூடுதல் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

கிரெக்கின் யூஎஸ்பி மரத்தை எடுங்கள். திருத்தங்களுக்கான கிளை 'யூஎஸ்பி-லினஸ்'. புதிய வசதிகளுக்கானது 'யூஎஸ்பி-நெக்ஸ்ட்'. குவர்க் சேர்ப்பது முதல் வகை. முழு வரலாற்றோடு இறக்கினால் ஜிபி கணக்கில் போகும். டெப்த் 1 என்று கொடுத்தால் சில நூறு எம்பியோடு முடியும். டேட்டா வரம்பு உள்ளவர்கள் கவனியுங்கள்.

ஜிசிசி, மேக், ஃபிளெக்ஸ், பைசன், பிசி ஆகியவற்றையும், லிப்எல்ஃப், ஓபன்எஸ்எஸ்எல் இரண்டின் டெவ் தொகுப்புகளையும் நிறுவுங்கள். பூட் அடைவிலுள்ள உங்கள் தற்போதைய கான்ஃபிக் கோப்பை, புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் என்ற பெயரில் நிரல் அடைவுக்குள் நகலெடுங்கள். பிறகு 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்'. இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் அது வைத்துக்கொள்ளும். கட்டும் நேரம் மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு இறங்கும். அதை ஓட்டுமுன் வைஃபை, பிரிண்டர், வெப்கேம், பென்டிரைவ் எல்லாம் இணைந்திருக்கட்டும். இணைக்காதவற்றின் டிரைவர் புதிய கர்னலில் இருக்காது.

டெபியன், உபுண்டு கான்ஃபிக்கை எடுத்தால் சான்றிதழ்க் கோப்பைக் காணோம் என்று கட்டல் பாதியில் நிற்கும். 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்', 'சிஸ்டம்_ரிவோகேஷன்_கீஸ்' இரண்டையும் 'ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் --டிசேபிள்' மூலம் அணைத்துவிட்டுத் தொடருங்கள். 'மேக் பின்டெப்-பேக்கேஜ்' கொடுத்தால் நிறுவத் தயாரான டெப் கோப்புகள் கிடைக்கும். அந்தக் கடைசிச் சொல்லைப் பி-கே-ஜி என்று சுருக்கித் தட்ட வேண்டும்.

புதிய கர்னல் பூட் ஆக மறுத்தால் முதலில் செக்யூர் பூட்டைப் பாருங்கள். நீங்கள் கட்டியதில் கையொப்பம் கிடையாது. பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணையுங்கள். பழைய கர்னலை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

சோதிக்குமுன், 4ஆம் படியில் கிரப்பில் சேர்த்ததைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். கட்டளை வரியில் தரும் எழுத்து கொடியை ஏற்றுவதோடு நிற்காது. ஏற்கெனவே ஏறியிருந்தால் இறக்கிவிடும். அட்டவணையிலும் ஜி, கட்டளை வரியிலும் ஜி என்றால் ஒன்றை மற்றொன்று அழித்து, உங்கள் பேட்ச் வேலை செய்யாதது போலத் தெரியும்.

## 7. வரியை எழுதிக் கையொப்பமிடுங்கள்

அட்டவணை விற்பனையாளர் எண், பிறகு பொருள் எண் என்ற வரிசையில் இருக்கிறது. உங்கள் வரியைக் கடைசியில் ஒட்டாமல் அதற்குரிய இடத்தில் நுழையுங்கள். மேலே ஒரு கருத்துரையில் கருவியின் பெயர். கீழே யூஎஸ்பி_டிவைஸ் மேக்ரோவில் இரண்டு எண்கள். அதன் பின் டிரைவர்_இன்ஃபோ புலத்தில் கொடியின் பெயர். அக்கம்பக்கத்து வரிகளைப் பார்த்து அதே போல டேப் இடைவெளி விடுங்கள். ஸ்பேஸ் போட்டால் திரும்பி வரும்.

மாற்றத்தைக் கிட்டில் பதியும்போது, அதாவது கமிட் செய்யும்போது, '-எஸ்' சேருங்கள். அப்போதுதான் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி உங்கள் பெயரோடு வரும். இந்த நிரலைத் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் உறுதியளிக்கும் வரி அது. வேலை நேரத்தில் எழுதியது நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கக்கூடும் என்பதால்தான் அனுமதி பற்றி முன்பே சொன்னேன். இந்த வரி இல்லாத பேட்சை யாரும் படிக்கக்கூட மாட்டார்கள்.

தலைப்பு வரி 'யூஎஸ்பி: குவர்க்ஸ்:' என்று தொடங்கி, எந்தக் கருவிக்கு எந்தக் கொடி என்று கட்டளைத் தொனியில் இருக்கட்டும். உடலில் மூன்று விஷயங்கள் போதும்: என்ன நடக்கிறது, கர்னல் பதிவின் இரண்டு மூன்று வரிகள், இந்தக் கொடியோடு எத்தனை முறை சோதித்து என்ன கிடைத்தது. எல்லாம் ஆங்கிலத்தில், சுமார் 72 எழுத்துக்கு ஒரு வரி. மொழி எளிமையாக இருந்தால் போதும், யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

ஏற்கெனவே வெளியாகி, திருத்தங்கள் மட்டும் பெறும் நிலைப்பதிப்புகளுக்கும் (ஸ்டேபிள்) இது போக வேண்டும் என்றால், கையொப்ப வரிக்கு அருகில் ஸ்டேபிள் முகவரியோடு 'சிசி' வரி ஒன்று சேருங்கள். மின்னஞ்சலின் சிசி பெட்டியில் மட்டும் போடுவது கணக்கில் வராது. கமிட் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். புதிய கருவி எண்களும் குவர்க்குகளும் நிலைப்பதிப்புகளில் ஏற்கப்படும் வகைதான், தயங்க வேண்டாம்.

## 8. அனுப்புங்கள்

'கிட் ஃபார்மேட்-பேட்ச் -1' கொடுத்துக் கோப்பாக்குங்கள். 'ஸ்கிரிப்ட்ஸ்/செக்பேட்ச்' ஓட்டி, பிழை எதுவும் இல்லாதபடி செய்யுங்கள். 'ஸ்கிரிப்ட்ஸ்/கெட்_மெயின்டெய்னர்' யாருக்கு அனுப்ப வேண்டும் என்று முகவரிகளைத் தரும்; இரண்டும் பெர்ல் நிரல்கள், பெயரின் முடிவில் புள்ளியும் பி-எல்லும் சேர்த்துத் தட்டுங்கள்.

அனுப்ப 'கிட் சென்ட்-ஈமெயில்' பயன்படுத்துங்கள். ஜிமெயில் என்றால் உங்கள் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு உருவாக்க வேண்டும். ஜிமெயில் வலைப்பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப்கள் ஸ்பேஸாக மாறி, வரிகள் மடிந்து பேட்ச் கெட்டுவிடும். இணைப்பாகவும் அனுப்பாதீர்கள். அலுவலக மின்னஞ்சலில் 'இந்தக் கடிதம் ரகசியமானது' என்று அடியில் தானாக ஒட்டிக்கொள்கிறதா? அந்த ஒரு வரிக்காகவே பேட்ச் நிராகரிக்கப்படும். சொந்த முகவரியைப் பயன்படுத்துங்கள்.

முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த கடிதத்தைச் சேமித்து 'கிட் ஏஎம்' மூலம் ஒரு புதிய கிளையில் போட்டுப் பாருங்கள். சுத்தமாக உட்கார்ந்தால் உண்மையான முகவரிகளுக்கு அனுப்பலாம்.

## 9. காத்திருங்கள், பதில் சொல்லுங்கள்

இரண்டு வாரம் வரை எதுவும் கேட்காதீர்கள். புதிய கர்னல் வெளியானதும், அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ இரண்டு வாரம் நடக்கும்; அப்போது புதிதாக வந்த பேட்சுகளைத் தொடவே மாட்டார்கள். அது முடிந்து முதல் சோதனைப் பதிப்பான ஆர்சி1 வந்தபிறகுதான் வரிசை நகரும். ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 9 அல்லது 10 வாரம். எந்த வாரத்தில் அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் காத்திருப்பு கூடும், குறையும்.

கேள்வி வந்தால் அந்தக் கேள்விக்குக் கீழேயே பதில் எழுதுங்கள், எல்லாரையும் நகலில் வைத்து, வெறும் எழுத்து வடிவில். மாற்றம் கேட்டால் '-வி2' என்று பதிப்பு எண்ணோடு முழுப் பேட்சையும் மறுபடி அனுப்புங்கள். முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று சிறு கோடுகளுக்குக் கீழே எழுத வேண்டும். அதை விட்டால் தானியங்கிக் கடிதம் ஒன்று உடனே வந்து நினைவூட்டும். அது கோபமில்லை, எல்லாருக்கும் போகிற கடிதம்.

ஏற்கப்பட்டால் எந்தக் கிளையில் சேர்ந்தது என்ற அறிவிப்பு வரும். அங்கிருந்து லினஸின் மரத்துக்குப் போன பிறகே நிலைப்பதிப்புகளுக்கு எடுப்பார்கள். அவை ஏறக்குறைய வாராவாரம் வெளியாகின்றன. ஆர்ச், ஃபெடோரா பயன்படுத்துகிறவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்கும். நீண்டகால ஆதரவுப் பதிப்பில் இருப்பவர்கள் டிஸ்ட்ரோவின் வழுப் பதிவில் கமிட் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் காத்திருப்பு குறையலாம்.

அதுவரை கிரப்பில் போட்ட எழுத்தோடு கருவியை ஓட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்குப் பின்னும் அதன் மாற்றப் பட்டியலில் உங்கள் தலைப்பு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்த அன்றே கிரப்பிலிருந்து எழுத்தை நீக்கி, 'அப்டேட்-கிரப்' ஓட்டி, ரீபூட் செய்யுங்கள். நீக்காமல் விட்டால் கொடி இறங்கிப் பழைய பிழையே திரும்ப வந்து நிற்கும்.